எட்டாயிரம் ரூபாயில் மூன்று ராத்திரி கடலோரம்: பாம்பன், தங்கச்சிமடம் பக்கம்

கேள்வி: "அண்ணே, மதுரை செல்லூரில் இருக்கிறேன். நான், மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன், அம்மா, நாலு பேர். கடல் பக்கத்தில் மூன்று ராத்திரி தங்கணும். கூட்டம் வேண்டாம், ரிசார்ட்டும் வேண்டாம். போக வரச் சேர்த்து எட்டாயிரத்துக்குள் முடியுமா? அம்மாவுக்கு மட்டும் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடணும்னு ஆசை."

முடியும் தம்பி. ராமேஸ்வரம் கோவிலைச் சுற்றி அறை எடுக்காமல், அதற்கு முன்னாலேயே பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ இறங்கிவிட்டால் முடியும்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வாடகையைப் பஞ்சாங்கம்தான் தீர்மானிக்கிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றுக்கும் ஊர் கொள்ளாத ஜனம் வரும். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை வரைக்கும் சபரிமலை போய்த் திரும்புகிற ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். வடநாட்டு யாத்திரைக்காரர்கள் வருஷம் முழுக்க வருவார்கள். இவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரே ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, மத்தியானம் கிளம்புகிறவர்கள். லாட்ஜ், சாப்பாடு, ஆட்டோ எல்லாமே அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடி அமைந்துவிட்டன. விடிவதற்கு வெகுநேரம் முன்பே வராண்டாவில் பக்கெட் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். தீர்த்தமாடப் போகிறவர்களுக்கு அது சரி. நிதானமாக உட்கார்ந்து கடல் பார்க்க நினைக்கிற குடும்பத்துக்கு அது சரிப்படாது.

பாம்பன் அங்கிருந்து 12 கிலோமீட்டர் போல இந்தப் பக்கம் இருக்கிறது. தங்கச்சிமடம் இரண்டுக்கும் நடுவில். இரண்டுமே மீன்பிடி ஊர்கள். மெயின் ரோட்டிலேயே மருந்துக்கடை, மளிகை, டீக்கடை, மெஸ் எல்லாம் உண்டு. பாம்பன் பக்கம் தீவு ஒடுக்கம் என்பதால் ரோட்டிலிருந்து வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். சுற்றுலாக்காரர்கள் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நேராக ராமேஸ்வரம் போய்விடுவார்கள். அதனால் பொழுது சாய்ந்த பிறகு அங்கே உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான். உங்களுக்கு வேண்டியது அதுதான் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது.

போகிற வழிக்கு ரயிலையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதன் பிறகு புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கும்வரை எல்லோரும் இக்கரையிலேயே இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது மதுரையில் ஏறினால் நேராகத் தீவுக்குள்ளேயே போய் இறங்கலாம். முன்பதிவில்லாத பெட்டியில் நாலு பேருக்கும் போக வர அறுநூறு ரூபாய்க்குள் அடங்கும். பையனுக்கு அரை டிக்கெட். விடிந்ததும் கிளம்புகிற பாசஞ்சரில் போனால் வெயில் ஏறுவதற்குள் ராமநாதபுரம் தாண்டிவிடலாம். மானாமதுரை, பரமக்குடி வரைக்கும் பையனுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். மண்டபம் வந்ததும் அவனை இடது பக்க ஜன்னலுக்கு மாற்றி உட்கார வையுங்கள். வலது பக்கம் பழைய பாலமும் ரோட்டுப் பாலமும் கண்ணை மறைக்கும், இடது பக்கம் திறந்த கடல். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலம். நடுவில் கப்பலுக்கு வழிவிட மேலே தூக்குகிற பகுதி வரும், அதற்கு இரண்டு பக்கமும் உயரமான தூண்கள் நிற்கும். தூக்குகிற பகுதி மட்டும் 72.5 மீட்டர். முன்னே இருந்தது 1914-இல் கட்டிய பாலம், அதில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து திறக்கும். இதில் மொத்தமாகச் செங்குத்தாக மேலே போகிறது. இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவனே தேடிப் பிடிப்பான்.

உங்கள் ரயில் பாம்பனில் நிற்காது என்றால் ராமேஸ்வரத்தில் இறங்கி டவுன் பஸ்ஸில் திரும்பி வந்துவிடலாம். பஸ்ஸில் போவதாக இருந்தால் மாட்டுத்தாவணி. நாலு மணி நேரம் ஆகும். பாம்பன், தங்கச்சிமடம் இரண்டிலும் இறங்கிக்கொள்ளலாம்.

அறைக்கு ஒரு ராத்திரி 1,300 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள் என்பது என் கணக்கு. நாலு பேர் படுக்கிற ஒரே அறை, ஏசி இல்லாமல். ரோட்டோர லாட்ஜிலும் கிடைக்கும், வீட்டு மாடியில் அறை போட்டு வாடகைக்கு விடுகிறவர்களிடமும் கிடைக்கும். குடும்பத்தோடு போகிறீர்கள், அதனால் நான் மாடி அறையைத்தான் சொல்வேன். கீழே ஒரு குடும்பம் குடியிருக்கும். பையனுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் வெந்நீர் கேட்கவும், எந்த டாக்டர் இருப்பார் என்று விசாரிக்கவும் ஆள் இருக்கும்.

போனில் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். முதலில் தண்ணீரைக் கேளுங்கள். குளிக்க வருவது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? தீவில் பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே இது மாறும். உப்புத் தண்ணீரில் மூன்று நாள் தலைக்குக் குளித்தால் வீட்டில் என்ன பேச்சு வாங்குவீர்கள் என்று உங்களுக்கே தெரியும். குடிக்க எப்படியும் கேன்தான், ஒரு கேனுக்கு எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். அடுத்து, வாடகை 24 மணி நேரக் கணக்கா, இல்லை காலையில் ஒரு நேரம் வைத்து எல்லோரையும் காலி செய்யச் சொல்வார்களா? 24 மணி நேரம் என்றால் பகல் பதினொன்றுக்கு நுழைகிறவர்களுக்கு மறுநாள் பதினொன்று வரை அறை. உங்கள் ரயில் நேரத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். மூன்றாவது, ஜன்னல் எந்தப் பக்கம்? மாசி பங்குனிக்கு மேல் தெற்கு, தென்மேற்கிலிருந்துதான் காற்று. தெற்கு ஜன்னல் உள்ள மாடி அறைக்கு ஏசியே தேவைப்படாது, ஒரு ராத்திரிக்கு நானூறு ஐந்நூறு மிச்சம். கொசுவத்தி மட்டும் எடுத்துப் போங்கள், காற்று நின்ற ராத்திரியில் கொசு பிடுங்கிவிடும்.

மூன்று ராத்திரியும் ஒரே இடத்தில் இருப்பதாகச் சொல்லி, வாரநாளில் வருவதாகவும் சொன்னால் வாடகையைக் குறைத்துப் பேசலாம். ஞாயிறு மத்தியானம் போய் புதன் மத்தியானம் கிளம்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் சனி ஞாயிறு கூட்டமும் இடிக்காது.

சரி, கடல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னப் பையன் கூட வருகிறான்.

தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதை அந்த ஊர்க்காரர்கள் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். ஒன்று அமைதி, ஒன்று சீற்றம் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். ஆனால் மாசத்துக்கு மாசம் நிலைமை மாறும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் நிரம்பின கண்மாய் மாதிரி அலையே இல்லாமல் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வந்துவிட்டால் நேர்மாறு. வடகடல் கலங்கி அடிக்கும், தென்கடல் அடங்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை இரண்டு பக்கமும் ஓரளவு பதமாக இருக்கும். மழையும் இல்லை, வெயிலும் கொல்லாது. உங்களுக்கு லீவு கிடைக்குமானால் நான் சொல்வது இந்த மாசங்களைத்தான்.

எந்த மாசம் போனாலும் இறங்குவதற்கு முன்னால் கரையில் வலை பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "இன்னிக்கு இங்க குளிக்கலாமா அண்ணாச்சி, சொறி கிடக்கா?" என்றால் போதும். சொறி என்பது ஜெல்லிமீன். பட்டால் சிறுவர்களுக்கு எரிச்சல் தாங்காது. கிடக்கிறது என்று சொன்னால் அன்றைக்குக் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழமில்லாத மணலில் திருக்கையும் படுத்திருக்கும். பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். பையனுக்கு முதல் நாளே இந்த நடையைப் பழக்கிவிடுங்கள்.

அவனுக்கு நன்றாகத் தண்ணீரில் விளையாட வேண்டும் என்றால் ஒரு பகல் அரியமான் போய் வாருங்கள். மண்டபத்துக்கு முன்னால் உச்சிப்புளியிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். பாக் நீரிணைக் கரை, நீளமான மணல், ஓரம் முழுக்கச் சவுக்குத் தோப்பு. கச்சான் காற்று மாசங்களில் குழந்தைகளுக்கு அதைவிடப் பதமான கடல் இந்தப் பக்கம் கிடையாது. நம்ம வைகை கடலில் சேர்கிற ஆற்றங்கரை என்ற ஊரும் அந்தப் பக்கம்தான். மதுரையில் பாலத்துக்குக் கீழே வறண்டு கிடக்கிற ஆற்றைப் பார்த்தே வளர்ந்த பையனுக்கு அதையும் காட்டலாம்.

தனுஷ்கோடியில் மட்டும் யாரும் குளிக்க வேண்டாம். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேருகிற இடத்தில் இழுப்பு அதிகம், கரையிலேயே சட்டென்று ஆழம். பார்த்துவிட்டு வரலாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் ஊரும் ரயிலும் போனது. சர்ச், ஸ்டேஷன் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 2017-இல் முனை வரைக்கும் ரோடு போட்டுவிட்டார்கள், டவுன் பஸ்ஸே போகிறது, தனி வேன் பேச வேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்புங்கள். தை, மாசியில் போனால் வழியில் கோதண்டராமர் கோவில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கலாம். பஸ்ஸில் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே போங்கள்.

சாப்பாட்டில்தான் பட்ஜெட் தப்பிக்கும் அல்லது கவிழும். ரோட்டோரத்தில் பெரிய போர்டு போட்ட கடல் உணவு ஓட்டல்களில் ஒரு வேளைக்கு நாலு பேர் உட்கார்ந்தால் உங்கள் ஒரு நாள் காசு போய்விடும். உள்ளூர் டிரைவர்களும் கடைக்காரர்களும் சாப்பிடுகிற மெஸ்ஸில் மீன்குழம்புச் சாப்பாடு வாங்குங்கள். குழம்பில் அன்றைக்குக் கரைக்கு வந்த சின்ன மீன்தான் கிடக்கும். சாளை, நெத்திலி, காரல். ருசி அதில்தான். பெரிய துண்டு மீன் வேண்டுமென்று ஆசைப்பட்டால் ஒரு நாள் பொரித்தது தனியாக ஒன்றிரண்டு வாங்கி நாலு பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. காலையில் பாம்பன் தெற்குவாடிக் கரைக்கு நடந்து போங்கள். படகுகள் வந்து சேர்ந்த பிறகு மணலிலேயே மீனைக் குவியல் குவியலாகப் பிரித்துப் போட்டு ஏலம் விடுவார்கள். பெரிய குவியல்கள் வியாபாரிகளுக்குப் போகும், அதில் நாம் தலையிட வேண்டாம். ஓரத்தில் பெண்கள் சின்னக் கூறு கட்டி விற்பார்கள், அவர்களிடம் வாங்குங்கள். கொஞ்சம் தள்ளி நண்டு வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பையனுக்குக் காட்டுங்கள். நண்டு தன் கொடுக்கால் வலை நரம்பை, அதாவது வலையின் நைலான் இழையை, பத்துச் சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் முதலில் பின்பக்கமாகப் பிடித்துத் திருப்புவார், ஒவ்வொரு காலாக நரம்பைத் தளர்த்துவார், கடைசியில்தான் கொடுக்குப் பக்கம் வருவார். கொடுக்கு ஒடிந்தால் விலை இறங்கிவிடும், நரம்பு அறுந்தால் வலை போச்சு. இரண்டும் நடக்காமல் ஒரு நண்டை எடுக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வாங்கின மீனை உங்கள் மாடி அறை வீட்டம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நிறைய வீடுகளில் மசாலாவுக்கும் கூலிக்கும் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சமைத்துக் கொடுப்பார்கள், சில மெஸ்களிலும் செய்வார்கள். கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள், பிறகு முகம் சுளிக்கிற மாதிரி ஆகக் கூடாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான். பள்ளிக்கூட லீவு என்று அந்த நேரம் போனால் மீன் விலை ஏறித்தான் இருக்கும். அதற்குப் பதில் அப்போது நுங்கும் பதநீரும் கிடைக்கும், இந்தக் கரை முழுக்கப் பனைதான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கரை அவர்களுக்கு வேலை செய்கிற இடம். காய்கிற வலையைத் தாண்டி நடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். கருவாடு காய்கிற பக்கம் மூக்கைப் பிடிக்காதீர்கள். மீன் கழுவுகிற பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். நீங்கள் கொண்டு போகிற பிஸ்கட் கவரும் தண்ணி பாட்டிலும் திரும்ப உங்கள் பையிலேயே வரட்டும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை 21 தீவுகள் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன, ஆமையும் கடற்பசுவும் இருக்கிற கடல் அது.

மீதி நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சாயங்காலம் குந்துகால் போங்கள், பாம்பனிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம். விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கிய இடம், நினைவிடம் இருக்கிறது, தென்கடலும் இருக்கிறது. தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் நடைபாலம் போட்டு, அதன் முனையில் நல்ல தண்ணீர் ஊற்று. பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், ராமேஸ்வரம் போகிற வழியிலேயே. குந்துகால் தவிர மற்றதெல்லாம் பஸ்ஸிலேயே முடிந்துவிடும். சாதாரண டவுன் பஸ்ஸில் உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் கிடையாது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடத்தில் நான் யாரையும் போகச் சொல்கிற இன்னொரு இடம் மல்லிகை நாற்றுத் தோட்டங்கள். மதுரைக்காரர்களுக்கு மல்லி என்றால் நம்ம ஊர்ப் பூ. 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் நம்ம பக்கத்து வயல்களில் நடுகிற நாற்றில் பெரும்பகுதி இந்தத் தீவு மணலில் வளர்ந்து வருகிறது. தென்னை நிழலில் மணலில் பாத்தி கட்டி, விரல் நீளக் குச்சிகளை இடைவெளியே தெரியாமல் நெருக்கமாக ஊன்றியிருப்பார்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துச் சில மாதம் காப்பாற்றினால் வேர் பிடிக்கும். பிறகு பிடுங்கி, கட்டுக்கட்டாகக் கட்டி, வெளியூருக்கு அனுப்புவார்கள். உப்புக் காற்று அடிக்கிற மணலில் இது எப்படிப் பிழைக்கிறது என்று உங்கள் அம்மா நிச்சயம் கேட்பார். தோட்டத்துக்காரரிடமே கேட்கச் சொல்லுங்கள். வேலை இல்லாத நேரமாக இருந்தால் உட்கார வைத்துச் சொல்வார்கள்.

வேறு ஊர்கள் யோசித்திருப்பீர்கள். மணப்பாடு அழகான ஊர்தான், திருச்செந்தூருக்குத் தெற்கே, மேட்டின்மேல் சர்ச்சும் கீழே வளைந்த கடலும். ஆனால் தங்க இடம் குறைவு, பெரும்பாலும் திருச்செந்தூரில் அறை எடுத்துப் போய் வர வேண்டும். திருச்செந்தூரிலும் ராமேஸ்வரம் மாதிரியே சஷ்டி, விசாகம் என்று கோவில் நாள் பார்த்துத்தான் வாடகை. கன்னியாகுமரி உங்கள் நாளுக்கும் காசுக்கும் தூரம். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அது ஒரு பகலுக்கு நல்ல இடம், மூன்று ராத்திரிக்கு இல்லை.

கடைசியாக அம்மாவின் தீர்த்தம். வந்த மறுநாளே வேண்டாம், பயணக் களைப்பு தீரட்டும். இரண்டாம் ராத்திரி சீக்கிரம் படுத்து, மூன்றாம் நாள் விடிவதற்குள் கிளம்புங்கள், அந்த நேரத்துக்கு மட்டும் முதல் நாளே ஆட்டோ பேசி வையுங்கள். அது அமாவாசையாக இல்லாமல் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கோவிலுக்குக் கிழக்கே இருக்கிற கடல். அதில் முங்கிவிட்டு உள்ளே போனால் 22 தீர்த்தமும் கோவிலுக்குள்ளேயே வரிசையாக வரும். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் இறைத்து ஊற்றுவார்கள். டிக்கெட்டைக் கோவில் கவுண்டரிலேயே வாங்குங்கள். வழியில் "நான் கூட்டிப் போறேன்" என்று வருகிறவர்களோடு பேச்சே வேண்டாம். ஈரத்துணியோடு சன்னதிக்குள் போக முடியாது என்பதால் அம்மாவுக்கு மாற்றுப் புடவையைத் தனிப் பையில் வையுங்கள், செல்போன்களை அறையிலேயே விட்டுவிடுங்கள். கிணற்றுக்குக் கிணறு தரை முழுக்கத் தண்ணீர், கல் வழுக்கும், பின்னால் வருகிற கூட்டம் வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும். பையனை மனைவியிடம் விட்டுவிட்டு, 22 கிணறு முடிகிற வரை அம்மாவின் கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.